சைலண்டாக இன்ஸ்டால் ஆகும்போது யூசருக்கு ப்ராகிரஸ் விண்டோ காட்டுவது எப்படி?

நீங்கள் கேட்டது இது: கம்பெனி கணினிகளுக்கு இரவு பகல் பார்க்காமல் சைலண்டாக, அதாவது திரையில் எதுவும் காட்டாமல், சாஃப்ட்வேர் தள்ளுகிறீர்கள், ஆட்கள் பாதியில் அணைத்துவிடுகிறார்கள், அதனால் விண்டோஸின் ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லில், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் ஒரு ப்ராகிரஸ் விண்டோ எழுதினீர்கள். உங்கள் மேசையில் அழகாக வருகிறது, மற்றவர்கள் திரையில் எதுவுமே வரவில்லை.

விண்டோ வராத காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில், அந்த விண்டோ எதற்கு என்று எனக்குப் புரிந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு நூற்பாலையில் சுமார் 140 கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய சாஃப்ட்வேரைச் சைலண்டாக அனுப்பினேன். கணக்குப் பிரிவில் ஒரு அக்கா சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். மெஷின் திடீரென்று நகர மறுத்தது. டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது, திரையில் ஒரு எழுத்து இல்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார். பழைய பதிப்பு பாதி போயிருந்தது, புதியது பாதி வந்திருந்தது. சரிசெய்ய எனக்கு மாலை வரை ஆனது. "தம்பி, பத்து நிமிஷம் ஆகும்னு ஒரு வரி போட்டிருந்தா நான் டீ குடிக்கப் போயிருப்பேனே" என்றார். தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து அந்த ஒரு வரிக்காகத்தான் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். பட்டை இரண்டாம் பட்சம்.

இப்போது உங்கள் விண்டோவுக்கு வருவோம். நிர்வாகக் கருவிகள் மூலம் தள்ளும் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் சிஸ்டம் கணக்கில், அதாவது விண்டோஸின் முழு உரிமை கொண்ட உள் கணக்கில், ஓடும். விஸ்டாவிலிருந்து விண்டோஸில் பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் எல்லாம் செஷன் 0 என்ற தனி அறையில் இயங்குகின்றன. லாகின் செய்த ஆள் செஷன் 1-லோ அதற்கு மேலோ இருப்பார். நீங்கள் வரைந்த விண்டோ செஷன் 0-இல் ஒழுங்காகத் திறந்திருக்கிறது, அதைப் பார்க்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் சோதித்தபோது உங்கள் லாகினிலேயே ஓட்டியிருப்பீர்கள், அதனால் தெரிந்தது.

இதற்குக் குறுக்குவழியாக சர்வீஸ்யூஐ என்ற சின்ன நிரலைப் பலரும் சொல்வார்கள். சிஸ்டம் உரிமையோடே யூசர் திரையில் விண்டோவைக் கொண்டுவந்துவிடும். எனக்கு அது பிடிக்காது. அந்த விண்டோவில் தெரியாத்தனமாக ஒரு ஃபைல் திறக்கும் பெட்டி இருந்தால் போதும், உட்கார்ந்திருப்பவர் கையில் முழு மெஷினும் போய்விடும்.

நான் செய்வது இரண்டு ஸ்கிரிப்ட். ஒன்று சிஸ்டம் கணக்கில் இன்ஸ்டால் வேலையைப் பார்க்கும். இன்னொன்று விண்டோவை மட்டும் காட்டும். முதல் ஸ்கிரிப்ட், ப்ரோகிராம்டேட்டா ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலில் "படி 2, 40" என்பது போல ஒரு வரி எழுதும். விண்டோ ஸ்கிரிப்டை, வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் பதிந்து, யூசர்ஸ் என்ற குழுவின் பெயரில் ஓடும்படி வைத்துவிட்டால், லாகின் செய்திருக்கும் ஆளின் செஷனிலேயே அவருடைய சாதாரண உரிமையோடு திறக்கும். ஒரு டைமர் போட்டு அரை வினாடிக்கு ஒருமுறை அந்த ஃபைலைப் படித்துக்கொள்ளும். படிப்பது மட்டும்தான், எழுதுவது இல்லை. ஒருவர் எழுதும் அதே நொடியில் இன்னொருவர் படிக்கப் போனால் எரர் வரும். வந்தால் பழைய மதிப்பையே காட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகச் சொல்லுங்கள்.

இப்படிப் பிரித்ததில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே ஸ்கிரிப்டில் விண்டோவையும் வைத்து, ஸ்டார்ட்-பிராசஸ் கட்டளையை வெயிட் (முடியும் வரை காத்திரு) என்று போட்டு இன்ஸ்டாலரை ஓட்டினால், இன்ஸ்டாலர் முடியும் வரை விண்டோ உறைந்துவிடும். சுமார் 5 வினாடி ஒரு விண்டோ பதில் சொல்லாமல் இருந்து, அதை யாராவது கிளிக் செய்தால், விண்டோஸ் அதை வெளுக்க வைத்துத் தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று எழுதிவிடும். பயத்தைப் போக்க வைத்த விண்டோவே பயமுறுத்தினால் என்ன பயன்? ஒரே ஸ்கிரிப்ட்தான் வேண்டும் என்றால், வெயிட் போடாமல் பாஸ்த்ரூ என்று ஓட்டி, அது முடிந்துவிட்டதா என்று சுழற்சியில் கேட்டுக்கொண்டே விண்டோவுக்கும் மூச்சுவிட இடம் கொடுங்கள்.

சதவீதம் பற்றி. விண்டோஸின் வழக்கமான இன்ஸ்டால் ஃபைல் வகையான எம்எஸ்ஐ இன்ஸ்டாலரைச் சத்தமில்லாமல் ஓட்டும்போது எத்தனை சதவீதம் முடிந்தது என்று வெளியிலிருந்து சுலபமாகக் கேட்க வழியில்லை. அதனால் பலர் ஒரு டைமரை வைத்துப் பட்டையைத் தாங்களே நகர்த்துகிறார்கள். 99-இல் போய் நின்று ஏழு நிமிடம் அசையாமல் இருக்கும் பட்டையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைச் செய்யாதீர்கள். தெரிந்ததை மட்டும் காட்டுங்கள். இறக்கும் (டவுன்லோடு) கட்டத்தில் ஃபைலின் அளவு தெரியும், அங்கே உண்மையான சதவீதம் காட்டலாம். விண்டோஸின் பின்னணி டவுன்லோடு சேவையான பிட்ஸ் வழியாக இறக்கினால் மொத்தம் எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டு எண்ணும் கையில் கிடைக்கும். இன்ஸ்டால் கட்டத்தில் இடமும் வலமும் ஓடும் பட்டையைப் போட்டு, "4-இல் 3-ஆவது படி, தொடங்கி 6 நிமிடம் ஆகிறது" என்று எழுதுங்கள். ஓடும் கடிகாரம் ஒன்று இருந்தாலே, மெஷின் உயிரோடு இருக்கிறது என்று ஆட்கள் நம்புகிறார்கள். நேரம் சொல்லும்போது உங்களிடம் இருப்பதிலேயே பழைய கணினியில் அளந்த நேரத்தைச் சொல்லுங்கள். 15 நிமிடம் என்று சொல்லி 8-இல் முடிந்தால் யாரும் கோபப்படுவதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை: பவர்ஷெல் 5.1-இல் இன்வோக்-வெப்ரிக்வெஸ்ட் கொண்டு இறக்கினால், அது தானே காட்டும் ப்ராகிரஸ் பட்டையே பெரிய ஃபைல்களை ஆமை வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். ப்ராகிரஸ்-ப்ரிஃபரன்ஸ் மாறியை சைலண்ட்லி-கன்டின்யூ என்று மாற்றிவிட்டு இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

செய்தியைத் தமிழில் எழுதுங்கள். எங்கள் ஆலையில் ஆங்கிலத்தில் இருந்தபோது யாரும் படிக்கவில்லை, படிக்காமலே மூடினார்கள். பவர்ஷெல் 5.1, பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் குறிமுறையைச் சொல்லும் அடையாளம்) இல்லாத யூடிஎஃப்-8 ஸ்கிரிப்டைப் பழைய எழுத்துக் குறிமுறையாக நினைத்துப் படிக்கும், தமிழ் எல்லாம் கிறுக்கலாக வரும். அதனால் பிஓஎம் உடன் சேமியுங்கள். எழுத்துரு நிர்மலா யூஐ வைத்தால் விண்டோஸ் 8-இலிருந்து எல்லாவற்றிலும் இருக்கும். நடுவில் இருக்கும் ஃபைலில் தமிழை எழுதாமல் எண்களை மட்டும் எழுதி, வாக்கியங்களை விண்டோ ஸ்கிரிப்டுக்குள் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும். நான் இப்போது வைத்திருக்கும் வாசகம்: "புதிய பதிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. 15 நிமிடம் ஆகலாம். கணினியை அணைக்க வேண்டாம். இந்தப் பெட்டியை மூடினாலும் வேலை நிற்காது."

கடைசி வரி முக்கியம். விண்டோவை எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டிவைத்து, மூட முடியாதபடி பூட்டுவதை நான் விட்டுவிட்டேன். வேலை செய்கிறவர் திரையை மறைக்க நமக்கு உரிமை இல்லை.

முடிவையும் நேர்மையாகச் சொல்லுங்கள். எம்எஸ்ஐ முடியும்போது ஒரு முடிவு எண் கொடுக்கும். 0 என்றால் முடிந்தது. 3010 என்றால் அதுவும் வெற்றிதான், ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி, மதிய உணவு நேரத்தில் செய்துகொள்ளச் சொல்லலாம். 1618 என்றால் வேறொரு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு நிமிடம் காத்திருந்து மறுபடி முயலுங்கள். 1603 என்றால் தோல்வி. அப்போது "முடியவில்லை, நீங்கள் எதுவும் தவறு செய்யவில்லை" என்று எழுதி உங்கள் இன்டர்காம் எண்ணைப் போடுங்கள்.

இதையெல்லாம் கையால் எழுத நேரமில்லை என்றால் பவர்ஷெல் ஆப் டிப்ளாய்மென்ட் டூல்கிட் என்ற தயார் ஸ்கிரிப்ட் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது, வரவேற்பு விண்டோவும் ப்ராகிரஸ் விண்டோவும் அதிலேயே உண்டு. மேக் கணினிகளுக்கு ஸ்விஃப்ட்டயலாக் என்ற நிரல் உண்டு, நான் சொன்ன அதே ஃபைல் வழியில்தான் அதுவும் பேசுகிறது. லினக்ஸில் விண்டோ காட்டும் செனிட்டி என்ற நிரலுக்கு எண்களைப் பைப்பில் அனுப்பினால் பட்டை நகரும், # போட்டுத் தொடங்கும் வரி செய்தியாக மாறும்.

எல்லோருக்கும் அனுப்பும் முன் ஒரு மெஷினில், அட்மின் அல்லாத சாதாரண லாகினில் ஓட்டிப் பாருங்கள். இறங்கிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு விண்டோ என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் "இறங்குகிறது" என்றே சொன்னால், இன்னும் அனுப்பாதீர்கள்.