ஞாயிறு காலை முதல் பீரியடும் ஊர் ஆராதனையும்

அன்புள்ள மேடம்,

நானும் கணவரும் மாலத்தீவில் ஆசிரியர்களாக இருக்கிறோம். நான் கணக்கு, அவர் இயற்பியல். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், நாசரேத் பக்கம். தனியார் பள்ளிச் சம்பளத்தில் வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல்தான் இங்கே வந்தோம். ஒன்பது வயதில் ஒரு மகன்.

எங்கள் தீவு தலைநகர் மாலேயிலிருந்து தெற்கே வெகுதூரம். ஒரு முனையிலிருந்து நடந்தால் கால் மணி நேரத்தில் மறுமுனை வந்துவிடும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நல்ல ஜனங்கள். நோன்பு மாதத்தில் வீட்டுக்காரம்மா சாயங்காலமானால் தட்டு நிறையப் பலகாரம் கொடுத்துவிடுவார். காய்ச்சல் என்று நான் பள்ளிக்குப் போகாவிட்டால் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் இந்த ஊரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை.

இங்கே வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலை நாள். ஊரில் எட்டு மணிக்கு ஆராதனை தொடங்கும்போது இங்கே ஏழரை. நான் வகுப்பில் போர்டு முன்னால் நிற்பேன். இந்த நாட்டில் தேவாலயம் கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுக்குள் அவரவர் வழியில் ஜெபித்துக்கொள்ளலாம், பொதுவில் கூடாது. இதெல்லாம் தெரிந்துதான் வந்தோம்.

வந்த புதிதில் பெரிதாகத் தெரியவில்லை. ராத்திரி ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, மெதுவாகப் பாடிக் குடும்ப ஜெபம் பண்ணுவோம். அப்புறம் பாட்டு நின்றது. "அவரவர் மனசுக்குள்ள ஜெபிப்போம், ஆண்டவருக்குத் தெரியாதா" என்றார் இவர். இப்போது அதுவும் இல்லை. சாப்பிட்டதும் ஆளுக்கொரு போன்.

ஊரில் நான் பாடகர் குழுவில் இருந்தவள், ஓய்வுநாள் பள்ளி எடுத்தவள். போன மாதம் வகுப்பில் ஒரு பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள், "மிஸ், நீங்க வீட்ல தொழுவீங்களா?" நான் "முதல்ல மூணாவது கணக்கை முடி" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி இயேசுவின் சீஷன் பேதுரு நெருப்புக் காய்ந்துகொண்டு "அவரை அறியேன்" என்று சொன்னதுதான் ஞாபகம். அதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கமில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. கணக்கு எனக்கு உயிர். இப்போது ஒரு பிள்ளை புது வழியில் விடை கண்டுபிடித்தால்கூட மனசு அசைய மாட்டேன் என்கிறது. மீன் குழம்பு வைத்தாலும் ருசி தெரிவதில்லை.

அம்மா ஞாயிறு ராத்திரி போனில், "யூட்யூப்ல ஆராதனை பாத்தியாம்மா?" என்பார்கள். "ம்ம்" என்பேன். பார்த்து மாதக்கணக்காகிறது. குவைத்தில் இருக்கும் நாத்தனார் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே தமிழ் ஆராதனைக்குப் போய் எடுத்த போட்டோக்களை அனுப்புகிறாள். பார்த்தால் வயிறு எரிகிறது. இது பாவம் என்றும் தெரிகிறது.

அடுத்த லீவில், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசன பண்டிகைக்கு ஊருக்குப் போகிறோம். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், ஆண்டவர் செய்ததைப் பற்றி எல்லார் முன்னாலும் என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார். அதையும் யூட்யூபில் போடுவார்கள். இங்கே யாராவது பார்த்தால்? அதைவிட, என்ன சாட்சி சொல்ல இருக்கிறது என்னிடம்?

போன வாரம் மகன் கேட்டான்: "அம்மா, இயேசு பேரைச் சத்தமாச் சொன்னா போலீஸ் பிடிக்குமா? அது கெட்ட பேரா?" எனக்கு அழுகைதான் வந்தது.

இவர் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கலாம் என்கிறார். நான் போய்விடலாம் என்கிறேன். "உனக்குத்தான் விசுவாசம் குறைஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டார். குறைந்துவிட்டதா, மேடம்? இல்லை, இது மனசுக்கு வந்த நோயா? நாங்கள் கிளம்பிவிட வேண்டுமா?

ஒரு வாசகி, மாலத்தீவு

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கும் மீன் குழம்பும் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேயிருந்துதான் தொடங்குவேன். ஜெபம் மட்டும் வறண்டு, மற்றதெல்லாம் பழையபடி இருந்தால் அது ஒரு மாதிரி. உயிராக இருந்த பாடமும், நாக்கு ருசியும், தூக்கமும், ஜெபமும் சேர்ந்தாற்போல் மங்கினால் அது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி எதிலும் மனம் ஒட்டாமல், நடு ராத்திரியில் விழிப்பு வந்து, தன்மேலேயே குற்றம் சுமத்திக்கொண்டு இருந்தால், மனச்சோர்வாக இருக்குமோ என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த நிலையில் பக்தியுள்ளவர்களுக்குக் குற்றவுணர்ச்சி பெரும்பாலும் பக்தியின் பாஷையில்தான் பேசும். கணக்கு வாத்தியார் "நான் மோசமான வாத்தியார்" என்பார், தாய் "நான் மோசமான அம்மா" என்பாள், பாடகர் குழுவில் இருந்தவர் "நான் பேதுரு" என்பார்.

அதனால் முதலில் டாக்டர். உங்கள் தீவின் சுகாதார நிலையத்திலேயே ரத்தசோகையும் தைராய்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இந்த இரண்டுமே சோர்வையும் மந்தத்தையும் கொண்டுவரும், பெண்களிடம் அதிகம் காணப்படுபவை. மாலேக்குப் போக வாய்த்தால் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அது கடினம் என்றால் தமிழ்நாட்டு மனநல மருத்துவர் ஒருவரிடம் வீடியோவில் தமிழிலேயே பேசுங்கள். அழுகையை ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்வது பெரிய பாடு. உயிர் வேண்டாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் லீவு வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கணவரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்று சொன்ன கதையை நீங்கள் ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ தடவை சொல்லியிருப்பீர்கள். தூதன் அவனைத் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டான், மறுபடி தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். கேள்வி, பதில், உபதேசம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

இப்போது பேதுரு. நான் போதகர் இல்லை, இறையியலில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் உங்கள் வேதாகமத்திலேயே உங்கள் நிலைமைக்குப் பேதுருவைவிட நெருக்கமான ஆள் இருக்கிறான் என்று நினைக்கிறேன்: சீரியா நாட்டுப் படைத்தலைவன் நாகமான். குஷ்டம் நீங்கி ஊர் திரும்பும்போது எலிசா தீர்க்கதரிசியிடம் சங்கடமான ஒரு விஷயம் கேட்கிறான். ராஜா, ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு போவார், அவரோடு நானும் குனிய வேண்டிவரும், வேலை அப்படி, அதைக் கர்த்தர் மன்னிப்பாரா? எலிசா அவனை வேலையை விடச் சொல்லவில்லை, சமாதானத்தோடே போ என்றுதான் அனுப்பினார். உங்களை யாரும் எங்கேயும் குனியச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு குழந்தையின் கேள்வியை நீங்கள் கணக்குப் பக்கம் திருப்பினீர்கள், அவ்வளவுதான். மாலத்தீவில் 2008 அரசியல் சாசனப்படி முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாகவே ஆக முடியாது. உள்ளூர்க்காரர்களிடம் வேறு மதத்தைப் பரப்புவது குற்றம். அப்படிப்பட்ட நாட்டில் ஓர் ஆசிரியை வகுப்பறையில் மதப் பேச்சை வளர்க்காமல் இருப்பது அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு. அடுத்த தடவை கேட்டால் "நாங்க எங்க குடும்ப வழக்கப்படி கும்பிடுவோம்டா, வா, கணக்கைப் பார்ப்போம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அதில் பொய்யுமில்லை, வம்புமில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. பள்ளியில் காக்க வேண்டிய மௌனம் உங்கள் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. வெளியே பேசாதது சட்டம், சரி. ஆனால் கணவரிடம் பேசாதது, அம்மாவிடம் "ம்ம்" என்பது, மகனிடம் அழுவது, இதையெல்லாம் எந்தச் சட்டமும் கேட்கவில்லை. முதலில் பாட்டு போனது, பிறகு சத்தமான ஜெபம், பிறகு ஜெபமே. கூடவே இருவருக்கும் இடையில் இருந்த பேச்சும் போயிருக்கும், சரிதானே? "உனக்கு விசுவாசம் குறைஞ்சிட்டு" என்று அவர் சொன்னது எனக்கு அவருடைய சொந்தப் பயமாகத்தான் கேட்கிறது. வீட்டுக் கடன், மாலத்தீவுப் பணமான ரூஃபியாவை டாலராக மாற்ற அலைகிற பாடு, ஒப்பந்தம் எல்லாம் அவர் தலையிலும்தானே ஓடும்? அவரும் சபையில்லாமல்தான் இருக்கிறார், அதைச் சொல்லத் தெரியவில்லை. ஜெபத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சண்டை வரும் என்றால் அதை விட்டுவிட்டு, "ஊர்ல ஞாயித்துக்கிழமைன்னா உங்களுக்கு எது ஞாபகம் வருது?" என்று கடற்கரையில் நடக்கும்போது கேட்டுப் பாருங்கள். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்று பேசியது, கறிக்கடை வரிசை, ஏதாவது சொல்வார்.

நீங்கள் பெரிதாக இழந்திருப்பது அந்த ஆட்களை என்றுதான் எனக்குப் படுகிறது. பாடும்போது பக்கத்தில் இன்னொரு குரல், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு பெரியம்மா. யூட்யூப் ஆராதனையில் அது கிடைக்காது. அதைப் பார்க்காமல் போனதற்கு இவ்வளவு வருந்தவும் வேண்டாம். அதற்குப் பதிலாக ஊரில் உங்கள் குழுவில் இருந்த ஒரு தோழியை வாரத்தில் ஒரு தடவை போனில் கூப்பிட்டு இரண்டு பேருமாக ஒரு பாட்டுப் பாடுங்கள். உங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, அவருக்கு வேலை முடிந்த சாயங்காலம். நாளைப் பற்றிக் குழம்பாதீர்கள். குவைத்தில் உங்கள் நாத்தனாரும் வெள்ளிக்கிழமைதானே போகிறார்? அரபு நாடுகளில் வார விடுமுறையை ஒட்டி வெள்ளிக்கிழமை ஆராதனை நடத்துவது சபைகளுக்கு வெகுகாலமாகப் பழகிய ஏற்பாடு. அவர் அனுப்பும் போட்டோக்களைக் கொஞ்ச நாள் மியூட்டில் போடுவதிலும் தப்பில்லை. பொறாமை என்று பெயர் வைத்து நீங்கள் அடித்துக்கொள்வதை நான் ஏக்கம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. தனிமை தாங்காமல் தீவில் உள்ள மற்ற வெளிநாட்டு ஆசிரியர்களைக் கூட்டி ஆராதனை மாதிரி ஏதாவது தொடங்கலாமா என்று தோன்றலாம். கூட்டம் என்று ஆகிவிட்டால் அது உங்கள் வீட்டுக்குள் நடக்கும் ஜெபமாகப் பார்க்கப்படாது. பள்ளி விதிகளைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளாமல் அதில் இறங்காதீர்கள்.

நாகமானைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். அவன் ஊருக்குப் போகும்போது இரண்டு கோவேறு கழுதைச் சுமை மண் கேட்டு வாங்கிப் போகிறான். வேற்று நாட்டில் நம்பிக்கை நிற்பதற்குக் கையில் தொடுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு மூலையும் ஒரு பாமாலைப் பாட்டுப் புத்தகமும் போதும். நீளமாக ஜெபிக்க முயல வேண்டாம், இப்போது வராது. ராத்திரி மூன்று பேரும் ஐந்து நிமிஷம் அங்கே உட்காருங்கள். ஒருவர் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்கட்டும். மகனே வாசிக்கட்டுமே, தமிழ் வாசிப்பும் விட்டுப்போகாது.

மகனுக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு, வெளியே சொல்லக் கூடாத விஷயம் என்றால் அது கெட்ட விஷயம் என்றுதான் புரியும். ஜன்னல் சாத்துவதையும் உங்கள் முகத்தையும் பார்த்து அவன் தானாகக் கட்டிக்கொண்ட முடிவு அது. உட்கார வைத்து நிதானமாகச் சொல்லுங்கள்: "அது நமக்கு ரொம்பப் பிடிச்ச பேரு. இந்த ஊர்ல எல்லாருக்கும் வேற வழக்கம். நாம விருந்தாளி. அதனால நம்ம சாமியை நம்ம வீட்ல கும்பிடுறோம், வெளியில அதைப் பத்திப் பேச மாட்டோம். யாராவது கேட்டா அம்மாகிட்ட கேளுங்கன்னு சொல்லிடு. உன்னைப் போலீஸ் பிடிக்காது." கூடவே, இஸ்லாத்தில் அவர் ஈசா நபி என்ற பெரிய தீர்க்கதரிசி என்பதையும் சொல்லுங்கள். அது கெட்ட பேரோ என்ற சந்தேகம் பாதி அதிலேயே கரைந்துவிடும். இதைச் சொல்லும்போது அழுகை வந்தால் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கும் அது நல்லது.

அம்மாவிடம் "ம்ம்" வேண்டாம். "ஞாயிறு எனக்கு ஸ்கூல்மா, பாக்க முடியல, ரொம்பத் தேடுது" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் பயப்படுவது திட்டு. ஒருவேளை வரப்போவது நார்த்தங்காய் ஊறுகாய்ப் பார்சலாக இருக்கலாம்.

சாட்சி சொல்வதற்கு இந்த வருஷம் "முடியாது" என்றே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களை மேடையேற்றி "ஆண்டவர் எப்படி ஆசீர்வதித்தார்" என்று கேட்பது நம் ஊரில் ஒரு பழக்கமாகிவிட்டது. வருகிறவர்களுக்கு அது எத்தனை பாரம் என்று யாரும் யோசிப்பதில்லை. ஐயரைத் தனியாகப் பார்த்து, "அங்கே வேலை செய்யும் இடம் அப்படி, வீடியோவில் நான் வரக் கூடாது ஐயா" என்றால் புரிந்துகொள்வார். முடிந்தால் அவரிடமே மனசில் இருப்பதையும் கொட்டுங்கள். பண்டிகையில் பந்தி பரிமாறுங்கள், குழுவோடு பின்வரிசையில் நின்று பாடுங்கள்.

கிளம்புவதா, இருப்பதா என்ற கேள்விக்கு நான் இப்போது பதில் சொல்ல மாட்டேன். சரியாகத் தூங்காத மனசு எந்த ஊரில் இருந்தாலும் அங்கிருந்து ஓடத்தான் சொல்லும். ஒப்பந்தக் கையெழுத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். லீவு முடியும் வரை அவகாசம் கேட்க முடியுமா என்று கணவரை விசாரிக்கச் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கி, தூக்கம் திரும்பி, அப்போதும் வேண்டாம் என்றே தோன்றினால் கடனில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். அதை விசுவாசத் தோல்வி என்று யாரும் சொல்ல விடாதீர்கள், கணவர் உட்பட.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். முடிந்தால் அவரும் ஒரு தாள் தனியாக எழுதட்டும்.