ஐடிஐ முடித்த ஏசி மெக்கானிக் டெக்சாஸில் வேலை செய்ய என்ன லைசென்ஸ் வேண்டும்?

கிரீன் கார்டு வந்துவிட்டது, ஊரில் ஏசி வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது, டெக்சாஸில் அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழில் தெரிந்திருப்பது பெரிய பலம்தான். ஆனால் அமெரிக்க மத்திய அரசிடம் ஒன்று, மாநிலத்திடம் ஒன்று என்று இரண்டு காகிதங்கள் வாங்க வேண்டும்.

முதலில் இபிஏ (மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை) 608 சான்றிதழ். ஏசியைக் குளிர்விக்கும் கேஸ் லைனில் கை வைக்கிற யாருக்கும் இது கட்டாயம். பொதுப் பகுதி ஒன்று, பிரிவுகள் மூன்று, ஒவ்வொன்றிலும் 25 கேள்விகள். 18 சரியாக எழுதினால் பாஸ். நான்கையும் முடித்து 'யுனிவர்சல்' வாங்கிவிடுங்கள். இதற்குக் காலாவதி கிடையாது. இந்தக் கார்டு இல்லாமல் கடையில் கேஸ் சிலிண்டரே தர மாட்டார்கள்.

தேர்வை விட முக்கியம், பழக்கத்தை மாற்றுவது. நம் ஊரில் பழைய யூனிட்டைக் கழற்றும்போது நட்டைத் தளர்த்திக் கேஸை உஸ்ஸென்று வெளியே விட்டுவிடுவது சர்வ சாதாரணம். இங்கே அது சட்டப்படி குற்றம். ரெக்கவரி மெஷின் போட்டு, சாம்பல் உடம்பும் மஞ்சள் தலையுமாக இருக்கும் சிலிண்டரில் கேஸைப் பிடிக்க வேண்டும். சிலிண்டர் தராசின் மேலேயே இருக்கும். 80 சதவீதம் நிரம்பியதும் நிறுத்திவிட வேண்டும். ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால் இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். சட்டம் கேட்காவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை இது.

அப்புறம் டெக்சாஸ். இங்கே டிடிஎல்ஆர் என்ற மாநிலத் துறையில் டெக்னீஷியனாகப் பதிவு செய்துகொண்டு, லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டரின் கீழ் வேலை பார்க்கலாம். சொந்தமாகத் தொழில் நடத்த காண்ட்ராக்டர் லைசென்ஸ் வேண்டும். அதற்குக் கடைசி 72 மாதங்களில் 48 மாத அனுபவம், அதுவும் லைசென்ஸ் உள்ளவரின் மேற்பார்வையில், பிறகு தேர்வு, இன்சூரன்ஸ். இந்த லைசென்ஸில் இரண்டு வகை. கிளாஸ் பி என்றால் 25 டன் குளிரூட்டும் திறன் வரைக்கும்தான். கிளாஸ் ஏ-வுக்கு வரம்பில்லை. அதுவரை தெரிந்தவர் வீடு, கோயில் நண்பர் வீடு என்று தனியாக வேலை பிடிக்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. 2025 முதல் இங்கே புது வீட்டு ஏசிகளில் ஆர்-410ஏ போய், ஆர்-32, ஆர்-454பி வருகின்றன. ஆர்-32 ஊரிலேயே நீங்கள் கையாண்டதுதான்.

வேலைக்குச் சேரும் முன் கம்பெனி வேனைப் பாருங்கள். இரண்டு பக்கமும் லைசென்ஸ் நம்பர் எழுதியிருக்க வேண்டும். அதை டிடிஎல்ஆர் தளத்தில் போட்டு, நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். உங்கள் 48 மாதக் கணக்கு அந்த லைசென்ஸை நம்பித்தான் ஓடப்போகிறது.