விருந்தினராக வரும் குருவானவர் எவ்வளவு நேரம் தம்மைப் பற்றிப் பேசலாம்?

ஐயா, லுத்தரன் குருவானவராகிய தாங்கள், ஏற்காட்டிலுள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் முதன்முறையாகப் பிரசங்கிக்கும்போது தங்களை எவ்வாறு அறிமுகப்படுத்திக்கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். சபை ஆயருக்கு நன்றி கூறி, பெயரையும் ஊரையும் தாங்கள் ஊழியம் செய்யும் சபையையும் இரண்டு நிமிடத்திற்குள் சொல்லி முடித்தால் போதுமானது. பட்டங்களை ஆயரே வாசித்துவிடுவார். சேலம் வட்டாரத்தில் லண்டன் மிஷன் என்னும் மிஷனரி சங்கத்தின் வழியாக உருவான சபைகள், 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், பின்னர் 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தவை என்பதால், மரபு வேறுபாட்டிற்குத் தாங்கள் விளக்கம் அளிக்க வேண்டியதில்லை. அன்றைய ஞாயிற்றுக்குரிய தலைப்பையும் வேதபாடங்களையும் ஆயரிடம் முன்கூட்டியே கேட்டறிவதே முக்கியம். மலைக் குளிரைப் பற்றிய நகைச்சுவையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கீழேயிருந்து வருகிற விருந்தினர் பலரும் அதைச் சொல்லிவிட்டார்கள்.