எஞ்சின் ஓடும்போது ஆட்கள் மிதக்கலாமா?

மிதக்க மாட்டார்கள். உங்கள் குறும்படத்தில் விண்கப்பல் 1 ஜி (பூமி ஈர்ப்புக்குச் சமமான) முடுக்கத்தோடு, சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரிக்குப் போகிறது என்கிறீர்கள். எஞ்சின் ஓடும் வரை உள்ளே பூமியில் உள்ள அதே எடைதான்.

கப்பலை பஸ் மாதிரி படுக்கையாக வரைந்திருப்பீர்கள், குழப்பம் அங்கேதான். கல்லடிப் பாலத்தில் பஸ் வேகமெடுத்தால் முதுகு சீட்டில் அழுந்துமே, அதே மாதிரி இங்கே பின்சுவர்தான் தரையாகிவிடும். ஆகவே மாடிவீடு மாதிரி அடுக்குங்கள்: எஞ்சின் அடியில், மூக்கு உச்சியில்.

ஒவ்வொரு ஷாட்டிலும் எஞ்சின் பக்கம் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். பாதங்களும் அந்தப் பக்கம் இருந்தால் சரி. பாதி வழியில், வேகத்தைக் குறைக்கத் தொடங்குவதற்காக எஞ்சினை நிறுத்திக் கப்பலைத் திருப்பும்போது மிதக்கவிடுங்கள், அழகான காட்சி கிடைக்கும்.

ஒன்று மட்டும்: அங்கே போக வேண்டிய 4.24 ஒளியாண்டுத் தூரத்துக்குக் கப்பலில் சுமார் 3.5 வருடம், பூமியில் கிட்டத்தட்ட 6 வருடம் ஆகும் (ஒளியை நெருங்கும் வேகத்தில் கப்பலின் நேரம் மெதுவாக ஓடும்). அவ்வளவு காலம் தள்ளக்கூடிய எரிபொருள் இன்று இல்லை. வசனத்தில் அந்த எரிபொருளுக்குப் பெயர் வைக்காதீர்கள்.