டார்க் ஸ்லைடு இல்லாத மரக் கேமராவை வாங்கலாமா?

கேள்வி: பழைய ஸ்டுடியோ சாமான்கள் விற்பவரிடம் வாகீஸ்வரி ஆஃப் பிளேட் கேமரா ஒன்றைப் பார்த்தேன். மரம், துருத்தி, லென்ஸ் எல்லாம் நன்றாக இருக்கின்றன. தகட்டையோ பிலிமையோ வெளிச்சம் படாமல் வைத்துக் கேமராவில் செருகும் டார்க் ஸ்லைடுதான் இல்லை. "ஆஃப் பிளேட் ஸ்லைடு நெட்டில் கிடைக்கும், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். கூடவே, அதே வேலையைச் செய்யும் இன்றைய 4×5 அங்குலப் பிலிம் ஹோல்டர் ஒன்றும் தருகிறாராம். நம்பி வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வாங்கலாம், ஆனால் அவர் கேட்கும் முழு விலைக்கு வேண்டாம். டார்க் ஸ்லைடு இல்லாத பழைய கேமராவில் படம் எடுக்க முடியாது. அதை எடுக்கும்படி ஆக்குவதற்கான செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ஆஃப் பிளேட் என்பது, பிலிமுக்குப் பதிலாக அந்நாளில் படம் பதித்த கண்ணாடித் தகட்டின் அளவு மட்டுமே: 4.75க்கு 6.5 அங்குலம். அந்தத் தகட்டைத் தாங்கும் மரச் சட்டம் எவ்வளவு அகலம், எவ்வளவு கனம், எந்தக் காடியில் இறங்கும் என்பதையெல்லாம் அந்தப் பெயர் சொல்லாது. புத்தகம்போல் விரியும் பழைய இங்கிலாந்து ஸ்லைடுகளை ஒவ்வொரு பட்டறையும் தன் கேமராவுக்கு இழைத்துப் பொருத்தியது. ஒரே பட்டறையின் இரண்டு கேமராக்களுக்கிடையில்கூட மாற்றிப் போட முடியாமல் போவதுண்டு. அதனால்தான் ஸ்லைடுகளில் 1-2, 3-4, 5-6 என்று எண் பொறித்துச் செட்டாகவே விற்றார்கள். உங்கள் வாகீஸ்வரியும் அப்படித்தான். 1940-களில் தொடங்கி ஆலப்புழையில் கருணாகரன் செய்து தந்த கேமரா அது. தென்னிந்திய ஸ்டுடியோக்கள் பலவற்றில் நின்றது. கைவேலைப் பொருளுக்கு அதோடு பிறந்த ஸ்லைடுதான் பொருந்தும். நெட்டில் வருவது பொருந்தினால் அது அதிர்ஷ்டம். ஆஃப் பிளேட் என்ற பெயரை மட்டும் நம்பி நான் வாங்கிய மூன்று ஸ்லைடுகள் கனம் கூடிப்போய்க் காடிக்குள் இறங்கவே இல்லை.

உள்ளே இறங்கிவிட்டாலும் வேலை முடியாது. கேமராவின் பின்னால் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான முகத்தில் பிம்பத்தைக் கூர்மையாக்குகிறீர்கள். பிறகு அதை விலக்கிவிட்டு ஸ்லைடைச் செருகுகிறீர்கள். அந்த முகம் நின்ற அதே இடத்தில் பிலிம் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலும் f/5.6, f/8 போன்ற அகலமான லென்ஸ் திறப்புகளில் கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். f/22-க்கு மூடினால் ஏறக்குறைய 2 மி.மீ. பிழையைக்கூட லென்ஸ் மறைத்துவிடும். ஆகவே விற்பவர் காட்டும் மாதிரிப் படம் பளிச்சென்று இருந்தால், எந்த f எண்ணில் எடுத்தது என்று கேளுங்கள்.

வெர்னியர் அளவுகோலின் ஆழக் குச்சி போதும், நீங்களே சோதிக்கலாம். ஸ்லைடுக்குள் வீணான பிலிம் ஒன்றை வைத்து, கேமராவில் படியும் முகத்திலிருந்து பிலிம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். கிரவுண்ட் கிளாஸ் சட்டத்திலும், கேமராவில் படியும் முகத்திலிருந்து கண்ணாடியின் சொரசொரப்புப் பக்கம் வரை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சொரசொரப்பு லென்ஸைப் பார்த்து இருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பாருங்கள். உடைந்த கண்ணாடியை மாற்றும்போது திருப்பிப் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிற தவறு.

இனி அவர் தரும் 4×5 ஹோல்டர். அதை அப்படியே செருக முடியாது, ஆனால் உங்களுக்கு நல்ல வழி அதுதான் என்று நினைக்கிறேன். நவீன 4×5 ஹோல்டர்கள் ஒரே தர அளவில் வருபவை. ஃபிடலிட்டியோ லிஸ்கோவோ டோயோவோ, எந்தக் கம்பெனி செய்தாலும் பிலிம் தங்கும் ஆழம் சுமார் 5 மி.மீ. நல்ல ஆசாரி ஒருவரிடம் சொல்லி, உங்கள் கேமராவின் பின்சட்டம் இருக்கும் இடத்தில் பொருந்தும் பலகை ஒன்றைச் செய்து, அதில் ஹோல்டரை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த 4×5 பின்பகுதியைப் பொருத்துங்கள். பழைய சட்டத்தை அறுக்க வேண்டாம், ஆணியும் வேண்டாம்; கழற்றினால் கேமரா பழையபடியே இருக்க வேண்டும். ஆஃப் பிளேட் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் படத்தில் வரும். முகப்படம் எடுப்பவருக்கு அது இழப்பே அல்ல.

ஆஃப் பிளேட்டிலேயே எடுக்க வேண்டும் என்று மனம் கேட்டால், பழைய ஸ்லைடு கண்ணாடிக்காகச் செய்தது என்பதை மறக்காதீர்கள். பிலிம் மெல்லியது, தானாக நிமிர்ந்து நிற்காது. பிலிமைச் செருகிக்கொள்ளும் மெல்லிய உலோக உறை ஸ்லைடோடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த அளவு பிலிமை இல்ஃபோர்டு ஆண்டுக்கு ஒருமுறை முன்பதிவு பெற்று வெட்டித் தருகிறது. 8×10 அங்குலப் பிலிம் தாளை இருட்டில் வெட்டினால் இரண்டு ஆஃப் பிளேட் கிடைக்கும். முதல் சோதனைகளுக்கு பிலிமை வீணாக்காமல், 8×10 பிரிண்ட் பேப்பரை அப்படி வெட்டி நெகட்டிவாகப் பயன்படுத்துங்கள். சிவப்பு விளக்கிலேயே கையாளலாம், ஒளிக்கசிவும் உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: என்னிடம் ஸ்பீடு கிராஃபிக் 4×5 கேமரா இருக்கிறது. "கிராஃபிக் கேமராவுக்குப் பொருந்தும்" என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் ஆறு ஹோல்டர் வாங்கினேன். சரியாகப் படிய மறுக்கின்றன. கேமராவில் கோளாறா?
– வாசகர், கோவை

பதில்: கேமராவில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. ஹோல்டரின் மூடித் தகட்டை இழுக்கும் முனைக்கு அருகே குறுக்காக ஒரு மேடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா? சாதாரண 4×5 ஹோல்டரில் மேடு இருக்கும். அது கேமராவின் பள்ளத்தில் அமர்ந்து ஒளியைத் தடுக்கும். கிராஃப்லெக்ஸ் வகை ஹோல்டரில் இது தலைகீழ்: ஹோல்டரில் பள்ளம், கேமராவில் மேடு. உங்களிடம் வந்தவை கிராஃப்லெக்ஸ் வகையாக இருக்கும். ஸ்பீடு கிராஃபிக் வெவ்வேறு பின்பகுதிகளோடு விற்கப்பட்டது. சாதாரண ஸ்பிரிங் பின்பகுதிக்கும் 1949-இல் வந்த கிராஃப்லாக் பின்பகுதிக்கும் மேடு உள்ள ஹோல்டரே வேண்டும். பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் விற்பவர்களே குழம்புகிறார்கள். அவர்கள் குழப்பத்துக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. விளம்பரத்தைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற ஆன்லைன் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதுவரை மேட்டைச் சீவுவது, பள்ளத்தை அடைப்பது எதுவும் செய்யாதீர்கள். கைவைத்த பொருளைத் திருப்பித் தருவது கடினம்.

கேள்வி: 9×12 செ.மீ. ஹோல்டர் மலிவாக வருகிறது. 4×5 கேமராவில் போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டு வகை இருக்கிறது. வெளிச்சட்டம் 4×5 அளவிலேயே இருந்து, உள்ளே மட்டும் 9×12 பிலிம் பிடிக்கும் ஹோல்டர் தாராளமாகப் பொருந்தும். 9×12 பிலிமை ஃபோமா இன்றும் தருகிறது. பழைய ஜெர்மன் மடிப்புக் கேமராக்களின் மெல்லிய தகர ஹோல்டர் பொருந்தாது. அவை தங்களுக்குள்ளேயே விளிம்பு மாறுபவை. பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். வெளி அகலம் கிட்டத்தட்ட 12 செ.மீ. இருந்தால் மேற்கொண்டு பேசுங்கள்.