பழைய வீடு வாங்கப் பார்க்கிறேன். சுவரில் காரணம் தெரியாத விரிசலும் ஓட்டையும் இருக்கின்றன. எப்படிப் புரிந்துகொள்வது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்ஜினியர் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கிச் சூடுபட்டவன், அவ்வளவுதான்.

நீங்களும் என்னைப் போல விரிசலைப் பார்த்துத்தான் மிரண்டிருப்பீர்கள். நான் தை மாதம் பார்க்கப் போன வீட்டில், ஹால் ஜன்னலின் மேல்மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சரிவாக ஒரு விரிசல். பென்சில் முனை நுழையும். என் மனைவிக்கு முகமே சுண்டிவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சிதான் சொன்னார்: "இது கரிசக்காடு தம்பி. சித்திரையில வாயத் தொறக்கும், ஐப்பசி மழைக்கு மூடிக்கிடும்." கரிசல் மண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். ஆழமில்லாத அஸ்திவாரம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய சுண்ணாம்பும் ஒட்டடையும் இருந்தன, அப்படியென்றால் நேற்று வந்த விரிசல் இல்லை. இருந்தாலும் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதிவிட்டு வந்தேன். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இரண்டு மாதம் உடையவில்லை. ஒரு கோடையும் ஒரு மழையும் பார்க்காமல் எப்படி முடிவெடுத்தாய் என்று கேட்க வருவீர்கள். கேளுங்கள். அதுவரை வீட்டுக்காரர் எனக்காக விற்காமல் உட்கார்ந்திருப்பாரா?

என் தப்பு அதில் இல்லை. விரிசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் தரையோரத்தைக் கோட்டைவிட்டேன். சுவரும் தரையும் சேரும் இடத்தில், அடிக்கு ஒன்றாக, பட்டாணி அளவில் வெள்ளைச் சிமெண்ட் பொட்டுகள். புரோக்கரிடம் கேட்டால், "பழைய வயரிங் சார்" என்றார். நானும் தலையாட்டினேன். எந்த ஊரில் வயரிங் தரையோரமாக அடிக்கு அடி ஓட்டை போட்டுக்கொண்டு போகும்?

சித்திரையில் குடிபோனோம். ஆடியில் தோரணம் மாட்ட படுக்கையறைக் கதவு நிலையில் ஆணி அடிக்கப் போனேன். சுத்தியலே தேவைப்படவில்லை, விரலால் அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. பெயிண்ட் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது, உள்ளே மரமே இல்லை. கரையான். மருந்தடிக்க வந்தவர் பொட்டுகளைப் பார்த்ததும் சிரித்தார். குடியிருக்கும் வீட்டில் கரையான் வந்தால் 12 மில்லிமீட்டர் ஓட்டைகளை 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டு, மருந்தை ஊற்றி அடைப்பார்களாம். மூன்று நிலை, ஓர் அலமாரி, மருந்து எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் போனது.

மருந்தடித்த வீடெல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். கட்டும்போதே அடிப்பவர்களும் உண்டு. ஆனால் அது தரை போடுவதற்கு முன்னால் மண்ணிலேயே அடிப்பது, இப்படிப் பொட்டு தெரியாது. பொட்டு இருந்தால் பெரும்பாலும் ஒரு காலத்தில் கரையான் வந்திருக்கும். எப்போது அடித்தார்கள், பில் இருக்கிறதா என்று கேளுங்கள், நிலைகளைத் தட்டிப் பாருங்கள். படுக்கையறையில் காரணமில்லாமல் மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தாலும் கேளுங்கள், பின்னால் ஓதம், அதாவது சுவரில் ஊறிய ஈரம், இருக்கலாம்.

அந்தப் புரோக்கர் இரண்டு பக்கமும் 2 சதவீதம் வாங்கினார். பால் காய்ச்சிய அன்று முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, "விரிசல் விட்ட வீட்டையா வாங்கினீங்க" என்று சபையில் கேட்ட என் மச்சினன், இன்றுவரை வாடகை வீட்டில்தான் இருக்கிறான்.

கண்ணாடித் துண்டு அந்தச் சித்திரையிலேயே உடைந்தது. ஐப்பசியில் விரிசல் மூடிக்கொண்டது.