மூச்சு வாங்கும்போது நடக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. முப்பது வருடத்துக்கு மேல் விறகடுப்பில் சமைத்தவர். சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவதால் வீட்டு வேலை எதுவும் செய்யவிடாமல் உட்கார வைத்திருக்கிறோம். போன முறை டாக்டர், தினமும் நடக்கச் சொன்னார். மூச்சு வாங்குகிறவரை நடக்க வைத்தால் நுரையீரல் இன்னும் கெட்டுப்போகாதா? – வாசகி, தேனி

பதில்: கெட்டுப்போகாது. அளவாக மூச்சு வாங்குவதால் நுரையீரல் பழுதாவதில்லை. பாசத்தில்தான் அம்மாவை உட்கார வைத்திருக்கிறீர்கள். ஆனால் இந்த நோயில் ஆளை முடக்குவது பெரும்பாலும் அந்த உட்கார்தல்தான்.

காரணம் காலில் இருக்கிறது. மாதக்கணக்கில் நடமாட்டம் இல்லாவிட்டால் தொடைத் தசை இளைத்துவிடும். இளைத்த தசை பத்தடி நடப்பதற்குள் லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். அதைச் சமாளிக்க உடம்பு கார்பன் டை ஆக்சைடை அதிகமாக வெளியேற்றியாக வேண்டும், அதற்கு இன்னும் வேகமாக மூச்சு விட வேண்டும். ஏற்கெனவே திணறும் நுரையீரலுக்கு இது கூடுதல் சுமை. மூச்சு வாங்குகிறதே என்று அம்மா மறுபடி உட்காருவார், தசை இன்னும் இளைக்கும். கால் பலப்பட்டால் அதே தூரத்தைக் குறைந்த மூச்சில் நடந்துவிடலாம். நாம் பயிற்சி கொடுப்பது காலுக்கு, பலன் தெரிவது மூச்சில். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மூன்று மாதம் கழித்து ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) எடுத்தால் எண் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். குளித்துவிட்டு வரும்போது உட்காராமல் அறை வரை வந்துவிட்டாரா என்று பாருங்கள்.

1950களிலேயே நியூயார்க் மருத்துவர் ஆல்வன் பாராக் இந்த நோயாளிகளை நடக்க வைக்கலாம் என்று எழுதினார். அப்போது பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு இப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்த 65 ஆய்வுகளை, சுமார் 3,800 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மூச்சுத் திணறல், நடக்கும் தூரம், அன்றாட வாழ்க்கை எல்லாமே மேம்பட்டிருந்தன. பயன் உண்டா என்று பார்க்க இனி ஆய்வே வேண்டாம் என்கிற அளவுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது.

சரி, எப்படி ஆரம்பிப்பது? முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். நெஞ்சுவலி இருந்தாலோ, சமீபத்தில் மாரடைப்பு வந்திருந்தாலோ டாக்டர் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகப்பூச்சு இருந்தாலோ விரல் சில்லிட்டிருந்தாலோ அளவு தப்பாகக் காட்டும்.

நடக்க சமதரையான இடம் போதும், வீட்டுக் கூடமே போதும். உடனே வேலை செய்யும் சால்புடமால் போன்ற இன்ஹேலர் கொடுத்திருந்தால், நடப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும், வயிறு நிறைந்திருந்தால் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசை) இறங்க இடமிருக்காது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதும் அதையேதான் செய்யும். தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி நடை. நடந்த நேரம் மட்டும் பத்து நிமிடம் வந்தால் முதல் வாரத்துக்கு அதுவே தாராளம். மெதுவாக இருபது, முப்பது நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள். வேகத்தைத் தீர்மானிக்க ஒரு வழி இருக்கிறது. மூச்சுத் திணறலுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுக்கச் சொல்லுங்கள். 3, 4 என்றால் சரியான அளவு. 1 என்றால் பயிற்சியே நடக்கவில்லை, இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும். இரண்டு மூன்று வார்த்தையாகவாவது பேச வர வேண்டும், ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

மூச்சு வாங்கும்போது நோயாளிகள் "உள்ளே இழுக்க முடியல" என்பார்கள். உண்மையில் பிரச்சினை வெளியே விடுவதில். சுருங்கிய குழாய்களில் காற்று வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. பழைய காற்று தேங்கி நெஞ்சு நிறைந்துபோவதால் புதிதாக இழுக்க இடமில்லை. அதனால்தான் உதட்டைக் குவித்து ஊதச் சொல்கிறோம். மூக்கால் இழுத்து, அதைப் போல இரண்டு மடங்கு நேரம் வாயால் மெல்ல விட வேண்டும். படி ஏறும்போது நின்றபடி மூச்சை இழுத்துவிட்டு, விடும்போது காலை எடுத்து வைக்கட்டும். குனிந்து குடத்தைத் தூக்கும் நொடியிலும் மூச்சு வெளியேதான் போக வேண்டும், அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது. ரொம்ப முட்டினால் மேஜையில் இரு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்து நிற்கட்டும்.

நடையோடு தசைக்கும் தனியாக வேலை வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது மிக நல்லது. எட்டுப் பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு சுற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். முழங்கால் வலித்தால் உயரமான நாற்காலியாக எடுங்கள். அப்புறம் கைகள். துணி காயப்போடும்போதும் தலை வாரும்போதும் இவர்களுக்குத் திணறுவதற்குக் காரணம், மூச்சுக்கு உதவும் தோள், கழுத்துத் தசைகளே கையையும் தூக்கிப்பிடிக்க வேண்டியிருப்பதுதான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை மெல்ல உயர்த்தி இறக்கினால் அது பழகும்.

மூன்று பந்து ஊதும் கருவி இந்தக் கேள்வியோடு தப்பாமல் வரும். உண்மையில் அது ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு. அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கொடுப்பது. சி.ஓ.பி.டி.க்கு அது நடைக்கு மாற்றே அல்ல. பிராணாயாமத்தில் மெதுவான மூச்சு நல்லது, ஆனால் மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் மூச்சை அடக்கும் கும்பகமும் இவருக்கு வேண்டாம்.

மார்கழிப் பனியில் விடிகாலை நடை வேண்டாம், வெயில் வந்தபின் போகலாம். போகி அன்று வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். விறகடுப்பு இன்னும் புகைகிறதென்றால் முதலில் அதை நிறுத்துங்கள்.

முடிந்தால் அரசு மருத்துவக் கல்லூரியின் நெஞ்சக நோய்ப் பிரிவில் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்து, அதை வைத்துப் பயிற்சி எழுதித் தருவார்கள். சில வாரம் கழித்து அந்தத் தூரம் 30 மீட்டர் கூடினாலே நல்ல முன்னேற்றம். வாரம் இரண்டு மூன்று முறை என்று ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை இந்தப் பயிற்சி நடக்கும். அதற்கப்புறம் விட்டுவிட்டால் கிடைத்த பலன் ஒரு வருடத்துக்குள் கரைந்துபோகும்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலும் அப்படித்தான். உட்கார்ந்தும் ஏறவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். நடக்கும்போது அடிக்கடி இறங்குகிறதென்றால் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு நடக்க வேண்டுமா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். காய்ச்சல் வந்தாலும், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அப்படி முற்றி வார்டில் சேர்த்துத் திரும்பினால், 'உடம்பு தேறட்டும்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகி நாலு வாரத்துக்குள் டாக்டரைக் கேட்டு மறுபடி தொடங்கிவிடலாம், முதல் வார அளவிலிருந்து.